இஞ்சினுக்கு ஒரு தக்கை

உட்காருங்க தம்பி. அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்க. டோக்கன் எத்தனை? பதினேழா? எனக்குப் பதினாலு. இப்போதுதான் ஒன்பது உள்ளே போயிருக்கிறது. இந்த டாக்டரம்மா ஒரு ஆளுக்குக் கால் மணி நேரம் எடுக்கும். முதுகில் குழாயை வைத்தால் லேசில் எடுக்காது.

இருமலா? இருமுங்க, இருமுங்க. எனக்கு ஒன்றும் இல்லை. எழுபத்திரண்டு வயசு, மூன்று மாடி ஏறுவேன். நான் வைத்தியத்துக்கு வரவில்லை. நியாயம் கேட்க வந்திருக்கிறேன்.

உங்களுக்கு அந்தம்மா நெஞ்சு டாக்டர். எனக்குப் பக்கத்து பார்க்கிங். கோயம்புத்தூர் ராமநாதபுரத்தில் கற்பகம் அடுக்ககம். இருபத்திநாலு வீடு. கீழே ஆளுக்கு ஒரு கார் இடம். என் இடம் ஏழு, டாக்டர் தமயந்தி எட்டு. நடுவில் ஒரு மஞ்சள் கோடு. பிரச்சினை எல்லாம் அந்தக் கோட்டைத் தாண்டிப் போன எண்ணெயால் வந்தது.

என்னிடம் இருப்பது மோரிஸ் மைனர். ஐம்பத்தேழாம் வருஷத்து வண்டி, இங்கிலாந்தில் செய்து கப்பலில் வந்தது. பச்சை நிறம். என் மாமனார் பொள்ளாச்சியில் தேங்காய் மண்டி வைத்திருந்தார், அவர் கல்யாணத்துக்குக் கொடுத்தது. கொடுத்தார் என்றால், ஆர்.சி. புத்தகத்தில் மகள் பேரைப் போட்டுவிட்டுச் சாவியை என் கையில் கொடுத்தார். இன்றைக்கும் ராஜாமணி பேரில்தான் இருக்கிறது. ராஜாமணி என் சம்சாரம். அதனால் என்ன? ஓட்டுவது நான், துடைப்பது நான். அவள் பேர் சும்மா ஒரு பேருக்கு.

இஞ்சின் எனக்குப் புதிதில்லை. முப்பத்திரண்டு வருஷம் ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ் ஃபோர்மேன். என் செக்‌ஷனில் ஒரு சொட்டு எண்ணெய் தரையில் கிடக்காது. ஓட்டை தெரிந்தால் அடை, கேள்வி கேட்காதே. அதுதான் என் முறை. ஆட்களையும் அப்படித்தான் வைத்திருந்தேன். ஒருத்தன் வாய் திறக்க மாட்டான். கடைசி மூன்று வருஷம் மில்லே ஸ்டிரைக்கில் கிடந்தது, அது வேறு கதை.

நாலு வருஷத்துக்கு முன்னால் வீட்டை விற்றுவிட்டு இந்த அடுக்ககத்துக்கு வந்தோம். அதற்கு முன்னால் வண்டி ஒழுகினதே இல்லையா என்று கேட்பீர்கள். ஒழுகும். வெள்ளைக்காரன் வண்டி என்றால் இரண்டு சொட்டு விழத்தான் செய்யும். நாய் நாக்கில் எச்சில் சொட்டுகிற மாதிரி, அது அதன் சுபாவம். சொட்டவில்லை என்றால்தான் பயப்பட வேண்டும், உள்ளே எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். பழைய வீட்டில் மண் தரை, யார் பார்த்தது? ஆனால் இங்கே வந்த வருஷத்திலிருந்து சொட்டு இல்லை தம்பி, ஊற்று. இடத்தின் வாஸ்து சரியில்லை என்று அப்போதே சொன்னேன்.

இங்கே சங்கத்துக்குச் செயலாளர் தாமோதரன். பாங்க்கில் மேனேஜராக இருந்து ரிட்டையர் ஆனவர். பார்க்கிங்கில் வெள்ளை டைல்ஸ் போட்டார். கார் நிற்கிற இடத்தில் வெள்ளை டைல்ஸ் போடுகிற மனுஷனை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? இலை போடாமலே சாப்பிடலாம், அப்படி ஒரு வெள்ளை. போன பங்குனியில் போட்டார். சித்திரையில் என் வண்டிக்கு அடியில் இலங்கையோடு சேர்த்து இந்தியா வரைபடம்.

அவ்வளவுதான். தினம் காலை ஆறு மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ. "இன்றைய நிலவரம்." கீழே இருபது பேர் கும்பிடு பொம்மை போடுவார்கள். பல்கூட விளக்காமல் என் எண்ணெயைப் பார்க்கிற கூட்டம். அந்த எண்ணெயில் டாக்டரம்மா ஒருநாள் அவசரமாகக் கிளம்பும்போது வழுக்கி, என் வண்டி மட்கார்டைப் பிடித்துத் தொங்கி நின்றது. மட்கார்டு அசையவில்லை. இந்தக் காலத்துத் தகரமாக இருந்தால் நசுங்கியிருக்கும், டாக்டரம்மா தரையில் கிடந்திருக்கும். அதை எடுத்துச் சொன்னேன். ஒரு நன்றி சொல்லவில்லை.

பொதுக்குழு கூடியது. தீர்மானம். தை ஒன்றாம் தேதிக்குள் ஒழுகல் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் வண்டி காம்பவுண்டுக்கு வெளியே. வெளியே என்றால் எங்கே? எங்கள் சந்தில் ஒரு ஆட்டோ வந்தால் எதிரே வருகிற சைக்கிள் இறங்கி நிற்கும். ஒரு பக்கம் சாக்கடை, இன்னொரு பக்கம் டிரான்ஸ்பார்மர். வெளியே என்றால் விற்கிறது என்று அர்த்தம். நாற்பத்தாறு வருஷம் கூட இருந்த வண்டி. எனக்குப் பேச்சுத் துணை வேறு யார் இருக்கிறார்கள்? வீட்டில் ராஜாமணி இருக்கிறாள், ஆனால் அவள் பேச மாட்டாள். நான் பேசும்போது குறுக்கே பேசினால் எனக்குப் பிடிக்காது என்று அவளுக்குத் தெரியும்.

தீர்மானத்தோடு விட்டார்களா? எண்ணெய் ஒழுகல் ஆய்வுத் துணைக்குழு. ஐந்து பேர். ஐந்து பேரில் ஒருத்தனுக்கும் சைக்கிளுக்குக் காற்று அடிக்கத் தெரியாது. டார்ச் அடித்து வண்டியின் அடியில் எட்டிப் பார்ப்பார்கள். "சார், இது எண்ணெய்தான்" என்பார்கள். அறிக்கை கொடுப்பார்கள்.

நான் இறங்கினேன்.

ஒழுகலைக் கண்டுபிடிப்பது ஒரு வித்தை தம்பி. எண்ணெய் விழுகிற இடம் வேறு, கிளம்புகிற இடம் வேறு. மேலே கிளம்பும், பக்கவாட்டில் ஊரும், வண்டி போகிற காற்றில் பின்னால் ஓடும், எங்கேயோ ஒரு நட்டின் முனையில் வந்து நின்று அப்பாவி மாதிரி சொட்டும். சொட்டுகிற நட்டைத் திருகுகிறவன் முட்டாள். முதலில் மண்ணெண்ணெய் போட்டு இஞ்சினைக் கழுவினேன், மில்லில் ஸ்பிண்டில் கழுவுகிற மாதிரி. காய்ந்ததும் ராஜாமணியின் முகப்பவுடர் டப்பாவை எடுத்து இஞ்சின் முழுக்கத் தூவினேன். வண்டி கல்யாணப் பெண் மாதிரி நின்றது. அரை மணி நேரம் ஓடவிட்டேன். பவுடர் எங்கே நனைகிறதோ அங்கே ஓட்டை. எளிது. ராஜாமணி ஒரு வாரம் பவுடர் இல்லாமல் இருந்தாள். கேட்கவில்லை.

அடியில் கண்டுபிடித்தேன். இஞ்சினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில் ஒரு ஓட்டை. அதில் ஒரு இரும்புப் பின் லொடலொடவென்று தொங்குகிறது. சுங்கம் பக்கத்தில் அந்தோணி என்று ஒரு மெக்கானிக், பழைய வண்டிகள் பார்க்கிறவன். அவனைக் கேட்டேன்.

"அது ஒழுகறதுக்குன்னே வச்ச ஓட்டைங்கய்யா" என்றான்.

"ஒழுகறதுக்குன்னு எவனாவது ஓட்டை வைப்பானா?"

"வச்சிருக்கானுங்கய்யா. எண்ணெய் உள்ளாற தேங்கக் கூடாதுன்னு."

சிரித்துவிட்டு வந்துவிட்டேன். வெள்ளைக்காரன் கெட்டிக்காரன், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவனும் மனுஷன்தானே, அடைக்க மறந்திருப்பான். நான் அடைத்தேன். இரண்டு குழாய் பசையைக் கலந்து, நறுக்கென்று. பதினைந்து நாள் ஒரு சொட்டு இல்லை. வாட்ஸ்அப்பில் நானே போட்டோ போட்டேன். வெறும் வெள்ளை டைல்ஸ். கும்பிடு பொம்மை ஒன்றுகூட வரவில்லை. பொறாமை.

பதினாறாம் நாள் கிருத்திகை. ராஜாமணியை மருதமலைக்குக் கூட்டிப்போனேன். அடிவாரம் வரைக்கும் நன்றாக வந்த வண்டி, ஏற்றத்தில் இஞ்சின் கத்துகிறது, சக்கரம் நகரவில்லை. வெளியே வராத எண்ணெய் கிளட்ச்சில் போய் ஊறியிருக்கிறது. ராஜாமணி இறங்கினாள். பின்னால் வந்த மினி பஸ்ஸில் ஏறி மேலே போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு, பிரசாதத்தோடு வந்தாள். நான் வண்டிக்குக் காவல். என் நெற்றியில் விபூதி வைத்துக்கொண்டே கேட்டாள்: "ஓட்டைய அடைச்சுப்போட்டா எண்ணெய் எங்கதானுங்க போகும்?"

நாற்பத்தாறு வருஷத்தில் வண்டியைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அது. வாயை மூடு என்றேன். மூடிக்கொண்டாள். அந்த விஷயத்தில் அவளைக் குறை சொல்ல முடியாது.

அந்தோணிதான் கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச்சைக் கழுவி, என் பசையைச் சுரண்டி, பழைய பின்னை மறுபடி தொங்கவிட்டான். செய்கிறவன் சும்மா செய்ய வேண்டியதுதானே? பேச்சு. "இஞ்சினுக்குப் பின்பக்கம் எண்ணெயத் தடுக்கற சீலே கெடையாதுங்கய்யா. தண்டுல திருகு மாதிரி வரி ஓடும். எண்ணெய் வந்தா அந்த வரி உள்ளாற திருப்பித் தள்ளிப்போடும். உள்ள அழுத்தம் ஏறிப்போச்சுன்னா அதால தள்ள முடியாது, வெளிய வரும். இப்ப அழுத்தம் ஏன் ஏறுதுன்னா..." அதற்குமேல் நான் விடவில்லை. "வேலையை முடி, பாடம் எடுக்காதே" என்றேன். முடித்தான். எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

மறுபடி பவுடர். இந்தத் தடவை இஞ்சின் பக்கவாட்டில் ஒரு குழாய் அகப்பட்டது. கீழ் நோக்கி, சும்மா திறந்து கிடக்கிறது. அதன் வாயில் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும். திறந்த குழாய் தம்பி! நாற்பத்தாறு வருஷம் எனக்குத் தெரியாமல் திறந்து கிடந்திருக்கிறது. வீட்டில் மலைத்தேன் பாட்டில் ஒன்று இருந்தது, நல்ல தக்கை. பொருத்தி, சுத்தியலால் இரண்டு தட்டு. அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது. இதோ, சட்டைப் பையில் வைத்திருக்கிறேன் பாருங்க. சாட்சிக்குக் கொண்டுவந்தேன். முகர்ந்து பாருங்க, இன்னும் தேன் வாசம் இருக்கும். இல்லையா? எண்ணெய்தான் அடிக்கிறதா? சரி, கொடுங்க.

அதை அடைத்தேன், முன்பக்கம் கிளம்பியது. முன்பக்கம் மூடி இடுக்கில் வைக்கிற அட்டை, கேஸ்கெட், அதை மாற்றினேன், மேல் மூடியில் கிளம்பியது. மேலே இறுக்கினேன், எண்ணெய் அளவு பார்க்கிற கம்பி இருக்கிறதே, டிப்ஸ்டிக், அது தானாக எகிறி வெளியே விழுந்தது. நூல்கம்பி போட்டுக் கட்டினேன். பிடிவாதமான வண்டி. மாமனார் வீட்டுச் சரக்கு இல்லையா.

பக்தியில் குறை வைத்தேனா என்றால் அதுவும் இல்லை. பழைய வீட்டில் ஆயுத பூஜைக்கு வண்டிக்குப் பொட்டு வைப்பது ராஜாமணி வேலை. ஹெட்லைட்டில் இரண்டு, ஸ்டியரிங்கில் ஒன்று, முடிந்தது. இங்கே வந்தபிறகு நான் எடுத்துக்கொண்டேன். பூஜை இஞ்சினுக்கா, விளக்குக்கா? இஞ்சினுக்கு மேலே எண்ணெய் ஊற்றுகிற மூடி வட்டமாக, நெற்றி மாதிரி இருக்கும். பொட்டு வைக்கக் கச்சிதமான இடம். அதில் சின்னச் சின்ன ஓட்டைகள் உண்டு, பார்க்க அசிங்கம். அதை மறைத்து, கட்டைச் சந்தனம், நானே கல்லில் உரைத்தது, அரை விரல் கனத்துக்கு அப்பி, நடுவில் குங்குமம். துடைக்க விடமாட்டேன். சாமிக்கு வைத்ததை யாராவது துடைப்பார்களா? அடுத்த வருஷம் அதன் மேலேயே அடுத்த பொட்டு. நாலு வருஷப் பொட்டு, சிமெண்டுக் கணக்காக நிற்கும். இத்தனையும் செய்து ஒழுகினால், குறை என்னிடமா வண்டியிடமா, நீங்களே சொல்லுங்க.

பதினொன்று உள்ளே போகிறது. பார்த்தீர்களா, நடக்கவே முடியவில்லை அந்தம்மாவுக்கு. பாவம்.

மார்கழி பிறந்தபோது ஒருநாள் சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டு இறங்குகிறேன். டாக்டரம்மா தன் காரில் ஏறாமல் என் வண்டியைப் பார்த்துக்கொண்டே நிற்கிறது. பானெட்டின் மேல் கையை வைத்தது, காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

"மூச்சு வாங்குது அங்கிள்."

"எனக்கா?"

"வண்டிக்கு. உள்ள இருக்கிற காத்து வெளிய வர வழி இருக்கா?"

"நீ நெஞ்சைப் பாரு அம்மிணி, இஞ்சினை நான் பாத்துக்கறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான் அங்கிள். ரெண்டும் மூச்சு விடணும்."

படித்த திமிர். லிஃப்டுக்குப் போய்விட்டேன். திரும்பிப் பார்த்தால் ராஜாமணி கீழேயே நின்று அந்தம்மாவிடம் என்னவோ சொல்லிக்கொண்டிருக்கிறாள். காய்கறி விலையாக இருக்கும் என்று நினைத்தேன்.

மார்கழி கடைசி ஞாயிறு பரீட்சை. துணைக்குழு முடிவு: வண்டி ரேஸ் கோர்ஸை மூன்று சுற்று சுற்றி வர வேண்டும், சூடாக இருக்கும்போதே வெள்ளை வேட்டிமேல் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். வேட்டியில் கறை பட்டால் வண்டி வெளியே. "வேட்டி உம்முடையது" என்றேன் தாமோதரனிடம். மனுஷன் ரோஷத்தில் பேரன் காதுகுத்துக்கு எடுத்த பட்டுக்கரை எட்டு முழத்தைக் கொண்டுவந்து விரித்தார்.

அன்றைக்குப் பரபரப்பில் காலையில் டிப்ஸ்டிக்கூடப் பார்க்கவில்லை, பானெட்டையே திறக்கவில்லை. ஒன்பது மணிக்குப் போய் ஒன்பதே முக்காலுக்கு வந்து வேட்டிமேல் ஏற்றினேன். வழியிலேயே எனக்கு ஒரு சந்தேகம். வண்டி என்றைக்கும் இல்லாமல் பூனை மாதிரி ஓடுகிறது. டிப்ஸ்டிக் கடகடக்கவில்லை. புகை இல்லை. சரி, பரீட்சை என்று தெரிந்து அடங்கிவிட்டது, மரியாதை தெரிந்த வண்டி என்று நினைத்துக்கொண்டேன்.

இருபத்திநாலு வீடும் நாற்காலி போட்டு வண்டியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டது. சாவு வீடா கல்யாண வீடா என்று சொல்ல முடியாது. யாரோ சுண்டல்கூடக் கொடுத்தார்கள். தாமோதரன் கையில் டீயோடு தரையில் மண்டியிட்டு எட்டி எட்டிப் பார்க்கிறார். நான் நிமிஷத்துக்கு ஒருதரம் கடிகாரத்தைப் பார்க்கிறேன். பத்தரைக்கு ஒருத்தி "கறை! கறை!" என்று கத்தினாள். வேட்டியின் ஓரத்தில் பழுப்பாக ஒரு சொட்டு. என் மூச்சே நின்றுவிட்டது தம்பி. வண்டி போயிற்று என்று நினைத்தேன். டாக்டரம்மா குனிந்து விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தது. "டீ" என்றது. எல்லாரும் தாமோதரன் கையைப் பார்த்தார்கள். டம்ளர் சாய்ந்திருந்தது.

பத்தே முக்கால். வண்டியிலிருந்து ஒரு சொட்டு இல்லை. எழுந்தேன். "எல்லாரும் வாங்க, ஒரு மெயின்டனன்ஸ் ஃபோர்மேன் எப்படி அடைப்பான்னு பாத்துட்டுப் போங்க" என்று பானெட்டைத் திறந்தேன்.

தக்கை இல்லை.

குழாய் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. மேலே மூடி பளபளவென்று இருக்கிறது, நாலு வருஷச் சந்தனம் காணோம். ஒவ்வொரு ஓட்டையும் ஊசி போட்டுக் குத்தின மாதிரி சுத்தம். டிப்ஸ்டிக்கில் கட்டின கம்பிகூட இல்லை.

"எவன் கை வச்சது?"

"நான்தான் அங்கிள்" என்றது டாக்டரம்மா. கொஞ்சமும் பயமில்லை. "நேத்து நீங்க சந்தைக்குப் போனப்ப."

"நாந்தானுங்க பானெட்டத் தொறந்து விட்டேன்" என்றாள் ராஜாமணி.

பார்த்தீர்களா சதியை? பரீட்சைக்கு முந்தின நாள், என் அடைப்பையெல்லாம் பிடுங்கி எறிந்து, வண்டியைத் தோற்கடிக்கப் பார்த்திருக்கிறார்கள். அப்படியும் வண்டி ஒழுகவில்லை! என்ன காரணம்? நான் போட்ட கேஸ்கெட். வேறென்ன? அதைத்தான் சொன்னேன், உரக்கச் சொன்னேன். ஒருத்தரும் கேட்கவில்லை. எல்லாரும் அந்தம்மா வாயைப் பார்க்கிறார்கள்.

அந்தம்மா தாமோதரனைக் கூப்பிட்டது. "சார், வாயையும் மூக்கையும் கையால இறுக்கி மூடிக்கிட்டு, நல்லா ஊதுங்க." சொன்னதைச் செய்கிற மனுஷன். மூடிக்கொண்டு ஊதினார். முகம் சிவந்தது. கன்னம் புடைத்தது. கண் பிதுங்கியது. அப்புறம் என்ன நடந்தது என்று நான் சொல்லக் கூடாது, லேடீஸ் இருந்தார்கள். மேலே அடைத்தால் வேறு வழியில் வரும் என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது. "இவ்வளவுதான் இஞ்சின்லயும்" என்றது டாக்டரம்மா. கை தட்டினார்கள் தம்பி. ராஜாமணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

இதற்கும் இஞ்சினுக்கும் என்ன சம்பந்தம்? தாமோதரன் காலையில் ராகிக்களி சாப்பிட்டிருப்பார்.

அன்றைக்குச் சாயங்காலம் நான் போய் என் தக்கையைத் தேடி எடுத்து அடித்துவிட்டு வந்தேன். ஒரு கொள்கைக்காக. புதுச் சந்தனமும் வைத்தேன். காலையில் ராஜாமணி கோவிலுக்குப் போக வேண்டும் என்றாள், போய்விட்டு வந்து நிறுத்தினேன். அரை மணியில் எண்ணெய் என் இடத்தைத் தாண்டி, எட்டைத் தாண்டி, நடைபாதைக்கு வந்துவிட்டது. வாக்கிங் முடித்து வந்த தாமோதரன் அதில் கால் வைத்து, உட்கார்ந்த வாக்கிலேயே கேட் வரைக்கும் போனார். காரணம் என்ன தெரியுமா? அந்தம்மா கை வைத்தது. ஒருத்தர் சரியாகச் செட் பண்ணி வைத்ததை இன்னொருத்தர் கலைத்தால் அப்புறம் அது நிற்காது. எந்த மெக்கானிக்கையும் கேளுங்க. அந்தோணியைக் கேட்காதீர்கள்.

அவசரக் கூட்டம். வண்டியைத் தூக்கிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். பட்டுக்கரை வேட்டி நாசமான கோபம் வேறு தாமோதரனுக்கு, தன் டீ என்றாலும். அப்போது ராஜாமணி எழுந்து நின்றாள். சபையில் எழுந்து நிற்கிறவளே இல்லை.

"வண்டி என் பேர்ல இருக்குதுங்க. வண்டி இங்கயே நிக்கட்டும். இனி பானெட்ட டாக்டரம்மா இருந்தாத்தான் தொறக்கறது. இவிய கை வெக்க மாட்டாங்க. நான் கையெழுத்துப் போடறனுங்க."

போட்டாள். நறுக்கென்று போட்டாள். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற அதே கையெழுத்து. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கும்பிடு பொம்மை நாற்பத்தியொன்று.

இன்றோடு இருபத்திரண்டு நாள். வண்டி நிற்கிறது, இடம் ஏழிலேயே நிற்கிறது. அதில் எனக்குச் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஒழுகலா? தினம் இரண்டு சொட்டு, சுபாவம். அதற்கு ராஜாமணி ஒரு அட்டையைப் போட்டு வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் டாக்டரம்மா இறங்கி வரும், பானெட்டைத் திறக்கும், நெஞ்சில் வைக்கிற அதே குழாயை இஞ்சினில் வைத்துக் கேட்கும். ராஜாமணி பக்கத்தில் துணி பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம். அப்புறம் இரண்டு பேரும் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போவார்கள். யார் ஓட்டுவதா? டாக்டரம்மாதான் ஓட்டும். போன வாரம் திரும்பி வரும்போது ராஜாமணி ஸ்டியரிங்கில் இருந்தாள். காலி மைதானத்தில் பழகினாளாம். என்னவோ பேசிக்கொண்டே வருகிறாள், பேசிக்கொண்டே வருகிறாள், வாய் ஓயவில்லை. அவளிடம் இவ்வளவு பேச்சு எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும். டிப்ஸ்டிக்கை இழுத்து ஒருதரம் எண்ணெய் பார்க்க வேண்டும். வாரத்துக்கு ஒரு தடவை போதும். இழுப்பேன், துடைப்பேன், விட்டு இழுப்பேன், பார்ப்பேன், மூடிவிடுவேன். வேறு எதையும் தொட மாட்டேன். நாற்பத்தாறு வருஷமாகக் காலையில் காபிக்கு முன்னால் செய்தது. இப்போது காபி குடித்துவிட்டுக் கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. வீட்டில் கேட்டால், "டாக்டர்கிட்டக் கேளுங்க" என்கிறாள். அடுக்ககத்தில் வைத்துக் கேட்டால் இருபத்திநாலு வீடும் பார்க்கும். அதனால்தான் இங்கே. ராஜாமணிதான் போன் பண்ணி டோக்கன் போட்டுக் கொடுத்தாள்.

என்னம்மா? பதினாலா? நான்தான். வெள்ளியங்கிரி.

இல்லையா? சரியாகப் பாரு. வெள்ளியங்கிரி, எழுபத்திரண்டு.

என்னது?

மெதுவாகச் சொல்லும்மா, ஊரே கேட்கிறது. மோரிஸா? வயசு அறுபத்தெட்டா? யார் கொடுத்த பேர் அது? ... ஓ. போன் பண்ணினவங்க கொடுத்ததா.

சிரிக்காதீங்க தம்பி, இருமல் வரும்.

ஆமாம்மா. நான்தான் மோரிஸ். இரு, வருகிறேன். செருப்பை இங்கே விடணுமா? சரி. இதில் ஏறி நிற்கணுமா? எடையெல்லாம் எதற்கு? சரி, ஏறிட்டேன், எழுது.

என்ன தொந்தரவா? அது டாக்டரம்மாவிடம்தான் சொல்லணும். சீட்டில் எழுதாமல் உள்ளே விட மாட்டாயா? சரி. அந்தம்மா சொன்ன மாதிரியே சொல்லித் தொலைக்கிறேன், அப்போதாவது உள்ளே விடுவார்கள். மூச்சடைப்பு. எழுதிக்கோ.

எத்தனை நாளாகவா? நாலு வருஷமாக.

இல்லைம்மா, எனக்கில்லை, வண்டிக்கு. கீழே நிற்கிறது, பச்சை நிறத்தில். ஏன் அப்படிப் பார்க்கிறாய்?

சரி, விடு. எனக்குன்னே எழுதிக்கோ.